சோம்பேறித் தோட்டமா?

“மண்ணைக் கொத்தாமல், ஆண்டுதோறும் விதைக்காமல் ஒரு தோட்டமா? சோம்பேறிகளுக்கு ஏற்றதுதான்!” என்று தோழி ஒருத்தி ஒரே போடாய்ப் போட்டாள். இயற்கையை ஒட்டி அமைக்கும் நிலையான வேளாண்மையை, அதாவது பெர்மாகல்ச்சரைப் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் இப்படிச் சொன்னாள். அவள் சொன்னது சரியன்று என்பது என் கருத்து.

இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் பகுதியில் வென்லாக் எட்ஜ் என்ற மேட்டு நிலம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் மறைந்த ராபர்ட் ஹார்ட், பிறவியிலேயே கற்கும் திறன் குன்றியிருந்த தம் சகோதரருக்கும் தமக்கும் உடல்நலம் தரும் இடமாக அங்கே ஒரு சிறு பண்ணையை அமைத்தார். கால்நடைகள், பழ மரங்கள், அகன்ற காய்கறிப் பாத்திகள் எல்லாம் விரைவிலேயே அவர்கள் சக்திக்கு மீறிவிட்டன. ஆனால், பல்லாண்டு வாழும் மூலிகைகளும் கீரைகளும் நின்ற ஒரு சிறு பாத்தி மட்டும் கவனிப்பாரின்றியே செழித்திருந்தது. ஹார்ட் அதைத் தம் ஆசிரியராகக் கொண்டார். ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு நிலத்தில் ஆப்பிள், பேரி மரங்கள், அவற்றின் கீழ் கரன்ட் பழப் புதர்கள், அதற்கும் கீழே புதினா, தரையில் படரும் செடிகள், கிழங்குகள், கொடிகள் என ஏழு அடுக்கில் ஒரு சிறு காட்டையே உண்டாக்கினார்.

அடுக்கடுக்காக நட்டால் போதுமா? குளிர்நாட்டில் வெயில்தான் செல்வம். அங்கே டிசம்பரில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. சூரியன் தெற்கே தாழ்வாகவே செல்கிறது. ஆகவே உயரமான மரங்களை வடக்கிலும் குட்டையானவற்றைத் தெற்கிலும் வைக்க வேண்டும். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கிப் பூக்களைக் கருக்கிவிடும்; பழ மரத்தை அங்கே நடக்கூடாது. வைக்கோல் மூடாக்கை வசந்தத்தில் விலக்காவிட்டால் விதைப் பாத்தி சூடேறாது, நத்தைகளுக்கோ கொண்டாட்டம்! இத்தனையையும் அறிந்து செய்பவரைச் சோம்பேறி என்பதா?

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் ரூத் ஸ்டௌட் என்ற அம்மையார், 1944-இல், ஏறக்குறைய அறுபது வயதில், உழுபவருக்காகக் காத்திருந்து சலித்துப் போனார். உழாமலே ஆண்டுதோறும் முளைக்கும் தம் அஸ்பராகஸ் செடிகளைப் பார்த்தார். அன்றுமுதல் உழவை விட்டு, உலர்புல்லால் நிலத்தை மூடியே காய்கறி விளைவித்தார். 1980-இல் தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்தார்.

கோதுமையும் உருளைக்கிழங்கும் மர நிழலில் விளையா. ஊருக்கே உணவளிக்கத் திறந்த வயல் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் தோழி கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான். ஆனால் மண்வெட்டி தூக்க இயலாத முதியவரும், உடல் நலிந்தவரும் தம் கையால் கனி பறித்து உண்ண அந்த வயலில் இடமில்லை. ஹார்ட்டின் சிறு காட்டில் இருந்தது.