கோட்டுக்கு வெளியே நில்லுங்கள்

தேவதானத்தில் இருக்கிற அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும் இதை எழுதுகிறேன். சேத்தூர், முகவூர், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புகிற எல்லாருக்கும் சேர்த்துத்தான். கோபத்தோடுதான் எழுதுகிறேன், மறைக்கவில்லை.

கோடை விடுமுறையில் ஒரு மின்னொளிக் கபடி. மலைப்பக்கமிருந்து காற்று நன்றாக வந்துகொண்டிருந்தது, கூட்டமும் நல்ல கூட்டம். இடைவேளையில் ஓர் அப்பா கயிற்றைத் தாண்டி உள்ளே போனார். மகனுக்குப் பதின்மூன்று வயசு இருக்கும். ஊரே பார்க்க அவனிடம், "உனக்குப் பாடவே வராதுலே. மூணு தடவ போனே, மூணு தடவயும் வெறுங்கையோட வந்தே. உங்கூடப் படிக்கிறவன்தானே அவனும், அவனப் பாரு" என்றார். பையன் அழவில்லை. தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு முட்டியைத் தடவிக்கொண்டே நின்றான். இரண்டாம் பாதியில் பயிற்சியாளர் அவனை எதிரணிக் களத்துக்குள் பாட அனுப்பினார். அங்கே உள்ள பாக் லைனை மிதித்தான், அப்படியே திரும்பி வந்துவிட்டான். அப்பா என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா அண்ணாச்சி, நாஞ் சொன்னேன்ல" என்றார்.

அவர் சொன்னதால்தான் பையன் அப்படித் திரும்பினான் என்பது அவருக்குத் தெரியவில்லை.

அவரை மட்டும் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையே செய்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு போட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது என் மகனைப் பயந்தாங்கொள்ளி என்றேன். எப்போது பாடப் போனாலும் பாதியிலேயே திரும்பிவிடுவான். எதிரணிக்காரன் கை நீட்டுவதற்கு முன்பே இவன் நடுக்கோட்டுக்கு வந்திருப்பான். பயம் என்று நானே முடிவு கட்டினேன். பல மாதம் கழித்து அவன் பயிற்சியாளர் வேறொன்று சொன்னார். இவன் கோட்டைத் தாண்டும்போதே தொண்டை கிழியக் "கபடி கபடி" என்று கத்துகிறான், மூச்சு அங்கேயே செலவாகிவிடுகிறது, அதற்கு மேல் நிற்க முடியாமல் ஓடி வருகிறான் என்றார். முப்பது விநாடி பாட வேண்டிய ஆட்டத்தில் பாதி நேரத்துக்குத்தான் அவனிடம் மூச்சு இருந்திருக்கிறது. குரலைத் தாழ்த்தி, நடுவருக்குக் கேட்கிற அளவுக்குப் பாடச் சொல்லிப் பழக்கினார். இப்போது முழு நேரமும் நின்று வருகிறான். பயம் என்று நான் சொன்ன சொல்லை மட்டும் அவன் இன்னும் மறக்கவில்லை.

ஒரு ஆட்டக்காரனிடம் எது பலம், எது பலவீனம் என்று பார்ப்பது பெரிய வேலை. அதைத் தெரிந்தவர்கள் வருஷக்கணக்கில் செய்கிறார்கள். நாமோ டீக்கடையில் நின்று ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறோம். நம் கண்ணுக்குத் தெரிவது இரண்டே இரண்டு: எத்தனை பாயிண்ட் எடுத்தான், எவ்வளவு வளர்த்தியாக இருக்கிறான்.

வளர்த்தியை முதலில் பேசுவோம். பள்ளிப் போட்டிகளில் வயசுப் பிரிவு டிசம்பர் 31 கணக்கில் பிரிகிறது. ஜனவரியில் பிறந்தவனும் அதே வருஷம் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். பதின்மூன்று வயசில் பதினொரு மாத வித்தியாசம் என்பது தோளில், தொடையில், மூச்சில் தெரியும். அதற்கு மேல், ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு பையன்களில் ஒருவனுக்குப் பன்னிரண்டிலேயே மீசை அரும்பும், இன்னொருவனுக்குப் பதினைந்தில். முன்னால் வளர்ந்தவன் மற்றவனைத் தள்ளிவிட்டு வருகிறான். அதைத் திறமை என்கிறோம். பின்னால் வளர்கிறவன் தள்ளப்பட்டு விழுகிறான். அதைக் குறை என்கிறோம். கனடாவில் பனி ஹாக்கி ஆடும் பையன்களை எண்பதுகளில் ஆராய்ந்தபோது இதே கதைதான் வெளிவந்தது. தேர்வானவர்களில் வருஷத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள்தான் மிக அதிகம். அங்கேயும் தேர்வாளர்கள் பிறந்த மாதத்தைத்தான் திறமை என்று எடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஆண்பிள்ளைகள் சுமார் பதினான்கு வயசில் கிடுகிடுவென்று நீளுவார்கள், பெண்பிள்ளைகள் சுமார் பன்னிரண்டில். அந்தச் சமயம் எலும்பு முந்திக்கொள்ளும், தசை பின்தங்கும். நேற்றுவரை லாகவமாகத் திரும்பியவன் இன்று தன் காலில் தானே தடுக்கி விழுவான். முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும். அன்று அந்தப் பையன் முட்டியைத் தடவிக்கொண்டு நின்றானே, அது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கு அந்த வயசில் இது சாதாரணமாக வருவது. கொஞ்சம் ஓய்வு கொடுத்து, மருத்துவரிடம் காட்டி, காத்திருந்தால் சரியாகிவிடும். "போன வருஷம் நல்லாத்தான் ஆடுனான், இப்ப செல்போனால கெட்டுப்போனான்" என்று நாம் சொல்வதில் பாதி இந்த வளர்ச்சியின் வேலை.

சரி, கபடியில் உண்மையில் எதைப் பார்க்க வேண்டும்? மகனைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதை நிறுத்திய பிறகு, பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

பாடப் போகிறவனின் கையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். எடை முன்பாதத்தில் இருக்கிறதா, குதிகாலில் இருக்கிறதா? குதிகாலில் நிற்பவன், ஓரத்தில் நிற்கிற கார்னர் ஆள் பாயும்போது பின்வாங்க ஒரு கணம் பிந்துவான், கணுக்கால் மாட்டிக்கொள்ளும். எந்தப் பக்கம் போகிறான்? எல்லாத் தடவையும் வலது பக்கமே போகிறான் என்றால் எதிரணி மூன்றாவது பாட்டிலேயே அதைப் படித்துவிடும். எதிரே ஆறு பேராவது நிற்கும்போதுதான் போனஸ் கோட்டைத் தாண்டினால் புள்ளி கிடைக்கும். அதை எண்ணிப் பார்த்துவிட்டுக் காலை வைக்கிறானா, எண்ணாமலே வைக்கிறானா? அடுத்தடுத்து இரண்டு பாட்டு வெறுமனே போய்விட்டால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் போனவன் அவுட். அந்த மூன்றாவது பாட்டுக்கு எவனை அனுப்புகிறார்கள், அவன் முகம் எப்படி இருக்கிறது? வெறுங்கையோடு வந்ததாக நாம் திட்டுகிற பையன் சில நேரம் பயிற்சியாளர் சொல்லித்தான் அப்படி வருகிறான். அணி முன்னணியில் இருக்கும்போது நேரத்தைக் கடத்துவதும் ஒரு வேலை.

பாடி வருபவனைப் பிடிக்கிற பிடி ஆள் விஷயம் இன்னும் நுணுக்கம். பாய்வது எல்லாருக்கும் வரும். பாயாமல் காத்திருப்பதுதான் கடினம். கையைக் கோத்து நிற்கிற ஜோடியில் ஒருவன் அவசரப்பட்டு முன்னால் போனால் செயின் அறுந்துவிடும், இன்னொருவன் தனியாக மாட்டுவான். புள்ளிக் கணக்கில் தவறு அந்த இன்னொருவன் மேல் விழும். நாம் வெளியே நின்று அவனைத்தான் திட்டுவோம். பாடி வருபவன் பார்வையைத் தன் பக்கம் இழுத்து, கவரில் நிற்பவனுக்கு வழி விடுகிற பையன் ஒரு புள்ளியும் எடுத்திருக்க மாட்டான். அவன் இல்லாவிட்டால் அந்த அணி நிற்காது.

2018 புரோ கபடி ஏலத்தில் முதன்முதலாக ஒரு கோடி ரூபாயைத் தொட்டவர் யார் தெரியுமா? பாடுகிறவர் யாரும் இல்லை. ஈரானைச் சேர்ந்த ஃபசல் அத்ராச்சலி, இடது கார்னர் பிடி ஆள். நம் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதனும் கார்னர்தான். நாற்பது வயசைக் கடந்த பிறகு, 2016-இல், பாட்னா அணிக்குத் தலைமை ஏற்றுக் கோப்பையை வாங்கினார். நம் வீட்டில் "பாடத் தெரியல, பிடிக்கப் போ" என்பது வசவு. அந்த வசவைக் கேட்டு வளர்கிறவன் கார்னரில் எப்படி மனசு வைத்து நிற்பான்?

பலவீனத்தைச் சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும், சொல்ல வேண்டியவர் சொல்ல வேண்டும். கிரிக்கெட் பந்துவீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜனை எல்லாரும் அறிவோம். 2015 தொடக்கத்தில் ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம் ஆடியதுமே அவர் பந்து வீசும் விதம் விதிக்கு ஒத்ததா என்று புகார் வந்தது. அதைவிடப் பெரிய குறை ஒரு பந்துவீச்சாளருக்கு என்ன இருக்க முடியும்? வீசும் முறையையே பிரித்துத் திரும்பக் கட்டினார்கள், அவரும் உட்கார்ந்து பழகினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். சுழற்பந்து வீச்சாளர் அஸ்வின் சிறு வயசில் தொடக்க மட்டையாளர். அன்றைக்கே யாராவது "இவன் மட்டை பிடிக்க மட்டும்தான் லாயக்கு" என்று முடித்திருந்தால் டெஸ்டில் 537 விக்கெட் எங்கே இருந்து வந்திருக்கும்?

தெரிந்தவர்களும் தவறுவது உண்டு. ஆஸ்திரேலியாவில் அவர்களுக்கென்று ஒரு கால்பந்து உண்டு. நீள்வட்ட மைதானம், பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், பந்தைக் கையிலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். அங்கே இளைஞர்களை வரிசைப்படுத்தி எடுக்க ஓட்டத்தை அளக்கிறார்கள், எவ்வளவு உயரம் எம்புகிறான் என்று அளக்கிறார்கள், பழகாத காலால் எப்படி உதைக்கிறான் என்பதைக்கூடக் குறித்து வைக்கிறார்கள். ஆள் எடுப்பதையே தொழிலாக வைத்திருந்தவர்கள் 1990-இல் ஜேம்ஸ் ஹெர்ட் என்ற பையனை 79-ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். 1996-இல் அந்த நாட்டு லீக்கின் சிறந்த வீரருக்கான பிரௌன்லோ பதக்கத்தை அவர் பகிர்ந்துகொண்டார், 2000-இல் எஸ்ஸென்டன் அணியின் தலைவராகக் கோப்பையைத் தூக்கினார். அவர்களே அப்படித் தவறினார்கள் என்றால், கயிற்றுக்கு வெளியே நின்று நாம் சொல்லும் தீர்ப்புக்கு என்ன மதிப்பு?

இன்னும் கொடுமையானவற்றைச் சொல்லியாக வேண்டும். எடைப் பிரிவுப் போட்டி என்றால் முதல் நாள் முழுக்கப் பிள்ளையைப் பட்டினி போட்டு, கோடை வெயிலில் ஜெர்கின் மாட்டி ஓட விடுகிறீர்களே, வளர்கிற உடம்புக்கு அது என்ன செய்யும் என்று யோசித்தீர்களா? பிறப்புச் சான்றிதழில் ஒரு வருஷம் குறைத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் உங்கள் பிள்ளையின் உண்மையான பலம் என்னவென்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும். சின்னப் பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி ஜெயித்தவன், தன் வயசுக்காரனை எதிர்கொள்ளும் நாளில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பான். அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு இருப்பதும், விளையாட்டு விடுதியில் இடம் கிடைப்பதும் உண்மைதான். அதை நினைத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளையின் ஒவ்வொரு ஆட்டத்தையும் பரீட்சை மார்க் மாதிரி எண்ணுவதை விடுங்கள்.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களே, உங்களிடம் எனக்கு வருத்தம் அதிகம். எட்டாம் வகுப்பு வரை ஆட விடுகிறீர்கள். வயசுக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறீர்கள். அவள் கால் எப்படி, மூச்சு எப்படி என்று நீங்கள் பார்த்ததே இல்லை. பெரிய மனுஷியானதையே குறையாக எடுத்து எழுதிவிட்டீர்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தாள். அவளும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். அந்த வீட்டில் யாரோ ஒருவர் நிறுத்தாமல் விட்டார்கள்.

தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கிராமத்திலிருந்து போன கணேசன் 1994-இல் ஹிரோஷிமாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வாங்கிய இந்தியக் கபடி அணியில் ஆடினார், அர்ஜுனா விருதும் பெற்றார். நம் ஊரிலிருந்து அது ஒன்றும் எட்டாத தொலைவில்லை. அப்படி ஒரு பிள்ளை இன்று நம் தெருவில் குள்ளமாக, முட்டி வலியோடு, பாதியில் திரும்பி வந்துகொண்டிருக்கலாம். யார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையிடம் குறை தெரிந்தால் மறுநாள் பயிற்சியாளரைத் தனியே பார்த்துக் கேளுங்கள். அவர் சொல்வதை வீட்டில் வந்து திரித்துச் சொல்லாதீர்கள். "உனக்கு வராது" என்ற சொல்லை எடுத்துவிட்டு "இன்னும் பழகல" என்று சொல்லிப் பாருங்கள். ஊர்க்காரர் முன்னால் எதையும் சொல்லாதீர்கள். வீடியோ எடுத்தால் அவனோடு உட்கார்ந்து பார்க்க எடுங்கள், சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வேண்டாம். அடுத்த மின்னொளிப் போட்டியில் நானும் வருவேன். இடைவேளையில் கயிற்றைத் தாண்டி யாராவது உள்ளே போனால், அண்ணாச்சி என்றும் பார்க்க மாட்டேன், மதினி என்றும் பார்க்க மாட்டேன், கையைப் பிடித்து நிறுத்துவேன். நான் போனால் நீங்கள் நிறுத்துங்கள்.