நாவின் இரு தொழில்கள்

கண்ணுக்குப் பார்ப்பது ஒன்றே தொழில். காதுக்குக் கேட்பது ஒன்றே தொழில். நாவுக்கு மட்டும் ஆண்டவன் இரண்டு தொழில்களை வகுத்துவிட்டான். சுவைத்தல் ஒன்று, பேசுதல் மற்றொன்று. பம்பாய்க்குக் குடிவந்த தமிழரின் நா முதல் தொழிலை மூன்று தலைமுறைகளாக விடுமுறையின்றிச் செய்து வருகிறது. (1995-ல் இந்நகரின் பெயர் மும்பை ஆயிற்று. ஆயினும் நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் அது இன்னும் பம்பாய்தான். அவ்வழக்கமே ஈண்டும் நிற்கட்டும்.) இரண்டாவது தொழிலில்தான் சிறிது சுணக்கம் தெரிகிறது.

முதலில் காப்பியைப் பார்ப்போம். வடிகட்டியின் மேல் பாத்திரத்தில் பொடியை இட்டு அழுத்தி, கொதிநீர் ஊற்றி, டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை காத்திருக்கும் சடங்கு, இந்த அவசர நகரத்திலும் குறைவின்றி நடைபெறுகிறது. மாதுங்காவில் கொட்டையை வறுத்து, நம் கண்ணெதிரே அரைத்துத் தரும் கடைகள் உண்டு. பீபரி எவ்வளவு, பிளான்டேஷன் எவ்வளவு, சிக்கரி நூற்றுக்கு இருபதா முப்பதா என்பதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பரம்பரைக் கொள்கை இருக்கும். சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். வறுத்துப் பொடித்துக் கலந்தால் நிறமும் கெட்டியும் தரும். காப்பியின் ஊக்கப் பொருளாகிய காபீன் அதில் இல்லை. வேண்டும் என்பாரும் வேண்டாம் என்பாரும் ஒரே கூரையின் கீழ் வாழ்வதுதான் இல்லறத்தின் பெருமை.

வாசலைத் தாண்டியதும் அதே மனிதர் ‘கட்டிங்’ தேநீருக்குக் கை நீட்டுகிறார். இஞ்சியைத் தட்டிப் போட்டுப் பாலுடன் கொதிக்கவைத்த தேநீர். அளவு அரைக் குவளை. நின்றபடியே சில மடக்கு. அதற்குள் ரயில் வந்துவிடும். வீட்டில் காப்பி, வீதியில் தேநீர். இரண்டுக்கும் இடையே இதுவரை ஒரு சண்டையும் மூண்டதில்லை. மொழிக்கும் இவ்வேற்பாடே போதுமானது. வீதியில் மராட்டியும் இந்தியும் தாராளமாக வழங்கட்டும்; அவற்றைக் கற்காதவன் இந்நகரில் விருந்தாளியாகவே நின்றுவிடுவான். ஆனால் வீட்டுக்குள்ளும் தேநீரே வந்துவிட்டால் வடிகட்டி துருப்பிடிக்கும் அல்லவா?

மாதுங்காவின் கதை வாசகர் அறிந்ததே. 1896-ல் இந்நகரைப் பிளேக் நோய் வாட்டியது. நெரிசலைக் குறைக்க 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டு, தாதர், மாதுங்காப் பகுதிகளில் அகன்ற வீதிகளும் மனைகளும் வகுக்கப்பட்டன. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று ரயிலேறி வந்த நம்மவர் அங்கே குடித்தனம் வைத்தனர். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1952-ல் ஷண்முகானந்த சபை தொடங்கி, 1963-ல் பெரிய அரங்கம் கட்டியது. 1990-ல் தீக்கிரையான அவ்வரங்கம் 1998-ல் மீண்டும் திறக்கப்பட்டது. சங்கீதத்துக்காக இவ்வளவு பாடுபட்ட சமூகம் பேச்சை மறந்துவிடும் என்று யார் நினைத்திருப்பார்?

உணவிலும் ஒரு நன்றிக் கடன் இருக்கிறது. 1940-ல் எழுந்த கபே மெட்ராஸும் 1942-ல் எழுந்த ராமநாயக் உணவகமும் நம்மவர் பசியைத் தீர்த்தன. ஆயினும் அவற்றை நிறுவியவர்கள் உடுப்பிக் கடற்கரைப் பகுதியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் சாம்பாரில் வெல்லம் சேர்ப்பார்கள். நாம் முகம் சுளித்துக்கொண்டே மறு கரண்டி கேட்போம். 1966-க்குப் பின் சில ஆண்டுகள் தென்னாட்டவருக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்தது. உணவகங்கள் மீதும் தாக்குதல் நிகழ்ந்தது. எனினும் இட்டிலியும் தோசையும் இந்நகரை விட்டு ஓடவில்லை. இன்று அவற்றை உண்பாருள் தமிழர் சிறுபான்மையினரே.

அந்த இட்டிலியைத் தொடர்ந்து சென்றால் இன்னொரு தமிழகத்தைக் காணலாம். விடியற்காலையில் சைக்கிளில் அலுமினியப் பாத்திரம் கட்டி, ரப்பர் ஊதுகுழலை அழுத்திக்கொண்டு வரும் இட்டிலிக்காரரை எந்த ஊர் என்று கேளுங்கள். வசிப்பது தாராவி என்பார். சொந்த ஊர் தென்தமிழ்நாட்டில் ஒன்றாக இருக்கும். தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் வழியினர் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். 1987-ல் வந்த ‘நாயகன்’ படத்திலும் 2018-ல் வந்த ‘காலா’ படத்திலும் பம்பாய்த் தமிழரின் வாழ்வைத் திரையில் கண்டு நாம் கைதட்டினோம். ஆனால் மாதுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே செல்லலாம் என்பது எத்தனை பேர் நினைவில் இருக்கிறது?

இனி நம் வீட்டுக் கூடத்துக்கு வருவோம். பாட்டி தொலைக்காட்சியில் தமிழ்த் தொடர் பார்க்கிறாள். பேரன் இட்டிலிக்கு மிளகாய்ப்பொடி கேட்கிறான், நல்லெண்ணெயும் கேட்கிறான். தமிழ்ப் படம் வந்தால் முதல் நாளே போகவேண்டும் என்று அடம் பிடிக்கிறான். ஆனால் திரையில் ஓடும் பெயர்களை அவனால் வாசிக்க இயலாது. பாட்டி ஊரிலிருந்து வந்த கடிதத்தை நீட்டி, “கண்ணாடி எங்கேயோ வைத்துவிட்டேன், நீ கொஞ்சம் படியேன்” என்றால், அவன் தாயைத் தேடி ஓடுகிறான். தாயும் வேலைக்குப் போயிருந்தால், கடிதம் மாலைவரை மேசைமேல் காத்துக் கிடக்கிறது. சுவை அவனுக்கு வந்து சேர்ந்துவிட்டது. எழுத்து வழியிலேயே நின்றுவிட்டது.

ஆங்கிலப் பள்ளியைக் குறை சொல்லிப் பயனில்லை. பிழைப்புத் தேடி வந்தவர்கள், பிள்ளைகளின் பிழைப்புக்கும் வழி தேடுகிறார்கள். ஆனால் இந்நகரின் மாநகராட்சி, தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்தி வருகிறது. அங்கே பயில்வோர் பெரும்பாலும் தாராவி போன்ற இடங்களின் உழைப்பாளர் வீட்டுக் குழந்தைகள். சங்கத்து விழாக்களில் செந்தமிழின் சிறப்பை நாம் மேடையேறிப் பேசுகிறோம். அச்செந்தமிழைத் தினமும் பலகையில் எழுதிப் பழகுபவர்கள் அந்தக் குழந்தைகள். வசதியுள்ள வீட்டில் சுவையும், வசதி குறைந்த வீட்டில் எழுத்துமாக நம் மொழி பாகம் பிரிந்து கிடக்கிறது.

ஆகவே ஒரு யோசனை. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் சங்கத்தில் எழுத்து வகுப்பு வைக்கலாம். கற்பிக்க, தமிழ்வழிப் பள்ளியில் படித்துத் தேறிய இளைஞர் இருவரை உரிய ஊதியம் கொடுத்து அழைக்கலாம். நம் பிள்ளைகளுக்கு அகரம் கிடைக்கும். அவர்களுக்குத் தங்கள் படிப்பால் வருவாயும் மதிப்பும் கிடைக்கும். இரு தரப்புக் குழந்தைகளும் ஒரே பாயில் அமர்ந்து பழகுவார்கள். பக்கத்துப் பக்கத்தில் இத்தனை காலம் வாழ்ந்தும் நாம் செய்யத் தவறியதை அவர்கள் செய்துவிடுவார்கள்.

வகுப்பு முடிந்ததும் காப்பி உண்டு. சிக்கரி எவ்வளவு என்பதைச் செயற்குழு கூடித் தீர்மானிக்கட்டும். அதற்கு மூன்று கூட்டங்களாவது ஆகும். வகுப்பை அதுவரை ஒத்திவைக்க வேண்டாம்.