பிஸ்கட் முதலாளிகளின் கணக்கு

பள்ளிகளில் சூடான மதிய உணவுக்குப் பதிலாக பிஸ்கட் பொட்டலம் வழங்கலாமென உற்பத்தியாளர் சங்கம் 2007இல் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதியது. சிலர் அதை வழிமொழிந்து அமைச்சருக்கே அனுப்பினர். மக்கள் பிரதிநிதிகளா, முதலாளிகளின் தபால்காரர்களா?

தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம் என்பது விதி. குளுக்கோஸ் பிஸ்கட் 100 கிராம் தின்றால் கலோரிக் கணக்கு நேராகிவிடும். புரதமோ ஏறத்தாழ பாதிதான். எடையில் கால் பங்கு சர்க்கரை, எஞ்சியதில் பெரும்பகுதி மைதா. இதற்குப் பெயர் ஊட்டச்சத்தாம்!

சமைத்த உணவே வழங்கவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரிலேயே ஆணையிட்டுவிட்டது. பள்ளிச் சமையல் தரமற்றது என்போர், அடுப்படியில் வேகும் பெண்களுக்கு 2009இல் நிர்ணயித்த மாதம் 1,000 ரூபாயை ஒன்றிய அரசு பதினைந்து ஆண்டுகளாகியும் உயர்த்தாததைப் பற்றி வாய்திறப்பதில்லை.