பக்கத்து வீடு எந்தத் தெருவில் இருக்கிறது?

ஒவ்வொரு வெள்ளத்தின்போதும் ஒரு வாசகம் நம் கைபேசிக்கு வந்துவிடுகிறது: "மழைக்குச் சாதி தெரியாது, எல்லோரையும் ஒன்றாக்கிவிட்டது." 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் இதைத்தான் சொன்னார்கள். அதில் உண்மை உண்டு. அதுவரை பேசிக்கொள்ளாத குடும்பங்கள் ஒரே மாடியில் சோறு பகிர்ந்தன. பள்ளிவாசல்கள் கதவைத் திறந்தன. மீனவர்கள் படகோடு வந்து ஆட்களை மீட்டார்கள். அந்த அன்பை நான் குறைத்துப் பேசவில்லை.

என் கேள்வி வேறு. பக்கத்து வீட்டார் என்பது யார்? ஊர் தனி, சேரி தனி என்று பிரித்து வைத்திருக்கும் நாட்டில், யார் பக்கத்தில் யார் வாழ்வது என்பதையே சாதிதான் முடிவு செய்கிறது. பேரிடர், அருகில் இருப்பவர்களை இன்னும் நெருக்கமாக்கும். தள்ளி வைக்கப்பட்டவர்களை அது தானாக அருகில் கொண்டுவராது.

2004 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவ்வளவு துயரத்திலும் நிவாரணத்தில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. படகையும் வலையையும் வைத்து இழப்பைக் கணக்கிட்டபோது, அவை சொந்தமாக இல்லாத கூலித் தொழிலாளர்கள் விடுபட்டார்கள். 2015இலும் சென்னையின் குப்பையை அள்ள வெளிமாவட்டத் தூய்மைப் பணியாளர்கள் அழைத்துவரப்பட்டார்கள். அடையாற்றங்கரைக் குடும்பங்கள் நகருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. வெள்ளத்தில் மலர்ந்த உறவு அவர்களைத் தடுத்து நிறுத்தவில்லை.

ஆகவே, நெருக்கத்தை மழையிடம் விட்டுவிட முடியாது. 1990களின் இறுதியில் தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரங்களில் 100 வீடுகளில் 40 பட்டியல் சாதியினருக்கு. மற்றவை பிற சமூகத்தினருக்கு. எல்லோரும் கலந்து ஒரே இடத்தில் குடியிருக்க வேண்டும் என்பதே விதி. குறைகள் இருக்கலாம், ஆனால் யோசனை சரியானது. பேரிடருக்குப் பிறகு அரசு புதிதாகக் கட்டும் ஒவ்வொரு குடியிருப்புக்கும் இதே விதி வேண்டும். இடிந்த ஊரைப் பழைய பிரிவினையோடு திரும்பக் கட்ட எதற்கு மக்கள் பணம்?

அடுத்த புயலில் களத்துக்குப் போகும் தோழர்களே, சோற்றுப் பொட்டலத்தை முதலில் காலனிக்குக் கொண்டு போங்கள். நிவாரணப் பட்டியலில் யார் பெயர் இல்லை என்று கேளுங்கள். ஊர் மண்டபத்தில் எல்லோரும் தங்கவைக்கப்படுகிறார்களா என்று பாருங்கள். மறுக்கப்பட்டால் அங்கேயே புகார் எழுதுங்கள். அன்பைக் கொண்டாடும் படங்களைப் பிறகு பகிர்ந்துகொள்ளலாம்.