தன் வழக்கைத் தானே படிக்கக் கூடாதா?

மத்திய சமூகநீதி, அதிகாரமளித்தல் அமைச்சகம் நடத்தும் வெளிநாட்டு உயர்கல்விக்கான தேசிய உதவித்தொகைத் திட்டத்தில் 2025ஆம் ஆண்டுக்குத் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டுமே முதலில் தற்காலிக ஒப்புதல் கடிதம் வழங்கப்பட்டதும், எஞ்சிய 66 பேருக்கு நிதி இருப்பைப் பொறுத்தே வழங்கப்படும் என்று ஜூலை மாதத் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டதும் சில நாள்கள் செய்தியாகி ஓய்ந்தன. செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கி, விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டிய வாரத்தில் ஒரு மாணவரைக் காத்திருக்கச் சொல்வது அவருடைய இடத்தைப் பறிப்பதற்குச் சமம். எனினும் அன்று எழுந்த விவாதம் முழுவதும் பணத்தைச் சுற்றியே நடந்ததால், அதே திட்டத்தின் வழிகாட்டு நெறிகளுக்குள் 2022 பிப்ரவரியில் நுழைக்கப்பட்ட ஒரு வரியைப் பற்றி எவரும் மீண்டும் பேசவில்லை. பணத் தட்டுப்பாடு அடுத்த நிதிநிலை அறிக்கையில் தீரக்கூடியது; அந்த வரி தானாகத் தீராது.

இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு ஆகியவை குறித்த படிப்புகளுக்கும், இந்தியாவை ஆய்வுக்களமாகக் கொண்ட சமூகவியல் தலைப்புகளுக்கும் இத்திட்டத்தில் உதவித்தொகை கிடையாது என்பதும், எந்தத் தலைப்பு இந்த விலக்குக்குள் வரும் என்பதைத் தேர்வுக் குழுவே முடிவுசெய்யும் என்பதும் அந்த வரியின் உள்ளடக்கம். பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் ஆகியோரின் பிள்ளைகளுக்காகவே 1954-55இல் தொடங்கி நடந்துவரும் ஒரு திட்டம், அந்தப் பிள்ளைகள் தங்கள் முன்னோருக்கு நேர்ந்த அநீதியைப் பற்றி ஆய்வுசெய்ய மட்டும் பணம் தராது என்பதே இதன் நடைமுறைப் பொருள். மனித உரிமைச் சட்டத்தைப் பொறுத்தவரை இந்த விலக்கு அத்துறையின் நெஞ்சிலேயே கைவைக்கிறது. ஏனெனில் எந்த மண்ணில், எந்த மக்களுக்கு உரிமை மறுக்கப்பட்டது என்ற கேள்வி இல்லாமல் மனித உரிமைச் சட்டத்தில் ஆய்வு என்று ஒன்று இல்லை.

இந்தியாவைப் பற்றிய ஆய்வுக்கான நூல்களும் வல்லுநர்களும் இந்தியாவிலேயே இருக்கும்போது அதற்காக வெளிநாடு செல்லத் தேவையில்லை என்பது அமைச்சகம் சொன்ன காரணம். ஆவணக் காப்பகத்தின் வாசலை ஒருமுறையேனும் மிதித்தவர் சொல்லக்கூடிய காரணம் அல்ல இது. சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று அறிவிக்க வெள்ளையர் அரசு பயன்படுத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் பற்றிய அரசுக் கோப்புகளில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது என்றால், லண்டனில் இருந்த இந்திய அலுவலகத்தின் கோப்புகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அச்சட்டத்தின் கீழ் குடியிருப்புகளை நடத்திய இரட்சணிய சேனையின் தலைமையகப் பதிவுகளும் லண்டனில்தான் இருக்கின்றன. அடக்கியாண்டவர் எழுதிவைத்த கணக்கைப் பார்க்க, அடக்கப்பட்டவரின் பேரப்பிள்ளை அங்கே போகத்தான் வேண்டும்.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையிலிருந்து லோயர் கேம்ப்பில் இறங்கியதும் முதலில் தொடும் ஊர்களில் ஒன்றான தேனி மாவட்டக் கூடலூரிலிருந்து பார்த்தால் இதன் கொடுமை இன்னும் தெளிவாகத் தெரியும். உசிலம்பட்டி வட்டாரம் தொடங்கிக் கம்பம் பள்ளத்தாக்குவரை பரவி வாழும் பிரமலைக் கள்ளர் சமூகம் சீர்மரபினர் பட்டியலில் உள்ளது. பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று வெள்ளையர் அரசால் அறிவிக்கப்பட்டு, சுதந்திரத்தை ஒட்டி அந்த அறிவிப்பிலிருந்து விடுவிக்கப்பட்ட சமூகங்களே சீர்மரபினர். அத்தகைய 68 சமூகங்கள் தமிழ்நாட்டின் பட்டியலில் இருக்கின்றன. மேற்சொன்ன தேசிய உதவித்தொகையின் ஆண்டு ஒதுக்கீடு 125 இடங்கள். அவற்றில் 115 பட்டியல் சாதியினருக்கும், 4 நிலமற்ற விவசாயத் தொழிலாளர், கைவினைஞர் குடும்பங்களுக்கும் போக, இந்தியா முழுவதிலும் உள்ள சீர்மரபினர், நாடோடிகள், அரை நாடோடிகள் அனைவருக்கும் சேர்த்து எஞ்சுவது 6 இடங்கள்.

இந்த ஆறு என்ற எண்ணைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும், ஏனெனில் மொத்த விவாதத்தின் திறவுகோல் அதில் இருக்கிறது. சீர்மரபினர், நாடோடிகள், அரை நாடோடிகளுக்காக அமைக்கப்பட்ட ரெங்கே ஆணையம் 2008இல் தந்த அறிக்கையின்படி இம்மக்களின் தொகை 10 கோடிக்கு மேல். அதாவது ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேருக்கும் மேலாக ஆண்டுக்கு ஓர் இடம். 2011 கணக்கெடுப்பின்படி 7 கோடியே 21 லட்சம் மக்கள்தொகை கொண்ட தமிழ்நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு நான்கே பேருக்குத்தான் இந்த உதவி என்று அறிவித்தால் சென்னையிலும் டெல்லியிலும் எவ்வளவு கொந்தளிப்பு எழும் என்று எண்ணிப் பார்த்தால், அதே விகிதம் சீர்மரபினருக்கு இயல்பானதாக ஏற்கப்பட்டிருப்பதன் பொருள் விளங்கும். அந்த ஆறு இடங்களையும் பிற மாநிலங்கள் அனைத்தும் விட்டுக்கொடுத்து, ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக்கே தந்துவிட்டாலும்கூட, 68 சமூகங்களும் தலா ஒரு முறை வாய்ப்புப் பெற்று முடிக்கப் பதினோரு ஆண்டுகளுக்கு மேலாகும். அதற்கும் முன்னதாகச் சாதிச் சான்றிதழ்ச் சிக்கல் ஒன்று இருந்தது. 1979இல் சீர்மரபினரைக் குறித்த பழங்குடி என்ற சொல் சமூகம் என்று மாற்றப்பட்டு, 2019இல் மத்திய அரசின் பயன்களுக்கு மட்டும் மீண்டும் பழங்குடி என்று சான்றளிக்க ஆணையிடப்பட்டதால், ஒரே மாணவர் மாநில அரசுக்கு ஒன்று, மத்திய அரசுக்கு ஒன்று என இரு சான்றுகளை வைத்துக்கொண்டு 2024வரை அலைய வேண்டியிருந்தது. இத்தனையும் கடந்து அந்த ஆறில் ஓர் இடத்தைப் பிடிக்கும் மாணவர், தன் கொள்ளுத் தாத்தாவின் கைரேகையைப் பதிவுசெய்த சட்டத்தைப் பற்றி ஆய்வு செய்கிறேன் என்று எழுதினால், அது இந்திய வரலாறு என்று சொல்லி விண்ணப்பத்தை ஒதுக்கிவிட முடியும்.

1871இல் வடக்கே இயற்றப்பட்டு, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கு வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை மதுரைப் பக்கத்து மக்கள் ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தனர். சட்டத்தின் முன் இம்மக்களுக்காக நின்ற முதன்மையான வழக்கறிஞர், லண்டன் மிடில் டெம்பிளில் பாரிஸ்டர் படிப்பு முடித்து மதுரையில் தொழில் நடத்திய ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்த அந்த மலையாளியை ரோசாப்பூ துரை என்று கள்ளர் சமூகம் இன்றுவரை அன்போடு நினைவுகூர்கிறது. வெளிநாட்டில் பெற்ற சட்டக் கல்வி உள்ளூர் அநீதிக்கு எதிராகத் திரும்பியதற்கு இதைவிடச் சிறந்த சான்று தென் மாவட்டங்களில் இல்லை. ஆனால் அன்று வெளியிலிருந்து ஒருவர் வந்து வாதாட வேண்டியிருந்தது. நூறாண்டுக்குப் பின் அந்தச் சமூகத்திலிருந்தே ஒருவர் அதே லண்டனுக்குப் போய் அதே சட்டத்தைப் படிக்க முன்வரும்போது, சுதந்திர இந்தியாவின் வழிகாட்டு நெறி அவரை மறிக்கிறது. பரோடா மன்னரின் உதவித்தொகையோடு 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அம்பேத்கர், 1916இல் அங்கே வாசித்த கட்டுரை இந்தியச் சாதிகளைப் பற்றியது என்பதை அமைச்சக அதிகாரிகளுக்கு எவரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உள்நாட்டிலேயே படிக்கலாமே என்று கேட்போருக்காக உள்நாட்டு வாய்ப்புகளையும் பார்த்துவிடலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வில் சட்டம் ஒரு பாடமாகவும் மனித உரிமைகளும் கடமைகளும் என்பது தனியொரு பாடமாகவும் இருக்கின்றன. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அந்தத் தேர்வில் இந்த உதவித்தொகைக்குத் தகுதி பெறுவோர் மிகச் சிலரே. சிறுபான்மை மாணவருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டுவிட்டது. தேனிக்கு 2019இல் அரசுச் சட்டக் கல்லூரி வந்தது பெரிய நன்மை என்றாலும், அங்கே பட்டம் பெற்று வெளிவருபவர் இளம் வழக்கறிஞராக ஒரு மூத்தவரிடம் சேரும்போது கையில் என்ன கிடைக்கும் என்பதே அவர் எந்தத் துறைக்குப் போவார் என்பதைத் தீர்மானிக்கிறது. சென்னை, மதுரை, கோவை நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சமாகத் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. அதை நடைமுறைப்படுத்தக் கேட்டு எந்த இளையவர் தன் மூத்தவர்மேல் புகார் கொடுப்பார்?

வெளியே உள்ள வாசல்களும் ஏழைக்காகத் திறந்தவை அல்ல. ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை அலுவலகத்தில் பயிற்சி பெறுவோருக்கு ஊதியம் கிடையாது. ஜெனீவாவில் தங்கும் செலவு முழுவதும் அவரவர் பொறுப்பு. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை படிப்புச் செலவு முழுவதையும் ஏற்கிறது, ஆனால் விண்ணப்பிக்க 2,800 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும். உத்தமபாளையம் நீதிமன்றத்தில் வருமானமின்றி இரண்டு ஆண்டு கழிக்க எந்தக் கூலிக் குடும்பம் தன் பிள்ளையை அனுமதிக்கும்? தென் மாவட்டங்களில் மனித உரிமைப் பணியைச் சம்பளத்தோடு கற்றுத்தந்தவை மதுரை மக்கள் கண்காணிப்பகம் போன்ற தன்னார்வ அமைப்புகள்தாம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் செய்த திருத்தம், ஓர் அமைப்பு தான் பெற்ற பணத்தை வேறோர் அமைப்புக்குப் பகிர்வதைத் தடைசெய்து, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்ததன் விளைவாக, பெருநகர அமைப்பின் நிதி சிறு ஊர் அமைப்புக்கு வந்து சேரும் வழி அடைபட்டது.

சட்டமே உருவாக்கிய ஒரு பதவிகூட இந்தத் துறையில் இருக்கிறது. 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், மனித உரிமை மீறலிலிருந்து எழும் குற்றங்களை விரைந்து விசாரிக்க மாவட்டந்தோறும் மனித உரிமை நீதிமன்றம் அமைக்கலாம் என்று 30ஆவது பிரிவிலும், அந்த நீதிமன்றத்தில் வழக்கு நடத்தக் குறைந்தது ஏழாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவரைச் சிறப்பு அரசு வழக்கறிஞராக நியமிக்க வேண்டும் என்று 31ஆவது பிரிவிலும் கூறுகிறது. தமிழ்நாட்டில் இருக்கிற மாவட்ட அமர்வு நீதிமன்றங்களுக்கே மனித உரிமை நீதிமன்றம் என்று இன்னொரு பெயர் சூட்டியதோடு வேலை முடிந்தது. எவை மனித உரிமை மீறல் குற்றங்கள் என்று சட்டம் வரையறுக்காத குறையைச் சென்னை உயர் நீதிமன்றம் 1997இலேயே பழங்குடி மக்கள் சங்கம் தொடுத்த வழக்கில் எடுத்துப் பேசியது. மாநில மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று அதே நீதிமன்றத்தின் மூவர் அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்த பிறகு, ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென்றே பயின்ற வழக்கறிஞர்கள் தேவை என்பது எவருக்கும் விளங்க வேண்டும். 38 மாவட்டங்களுக்கு 38 சிறப்பு வழக்கறிஞர்கள், அவர்களின் கீழ் தலா இரண்டு உதவியாளர்கள் என்று வைத்தாலே நூற்றுக்கும் மேற்பட்ட நிலையான பணியிடங்கள் உருவாகும். இதற்கு ஆகும் செலவு ஒரு மேம்பாலத்தின் செலவை எட்டாது.

உரிமைப் படிப்பு வேலை தராது, அறிவியலுக்கும் பொறியியலுக்குமே பொதுப்பணம் போக வேண்டும் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். வேலைகளை உருவாக்காமல் முடக்கிவைத்துவிட்டு வேலையில்லை என்று சொல்வது வாதமே அல்ல. வெளிநாட்டுப் பணத்தில் இந்தியாவை ஆராய்வது நாட்டின் பெயரைக் கெடுக்கும் என்போருக்கு 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பே போதுமான பதில். சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரித்துக் கொடுக்கும் விதிகளையும், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதும் சிறைக் கையேட்டுப் பகுதிகளையும் செல்லாதவை ஆக்கிய அந்த வழக்கைத் தொடுத்தவர் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா. அதற்கு அடித்தளமான அவருடைய புலனாய்வு, அமெரிக்காவின் புலிட்சர் மையம் அளித்த நிதியுதவியோடு நடந்தது. இந்திய அரசு செய்திருக்க வேண்டிய செலவை வேறொரு நாட்டு நிறுவனம் செய்தது. பயன் இந்தியச் சிறைகளில் இருப்போருக்குக் கிடைத்தது. உதவித்தொகை விதியை எழுதியவர்கள் அஞ்சுவது நாட்டின் பெயருக்காக அல்ல, இத்தகைய வழக்குகளுக்காகத்தான்.

கூடலூரிலும் கம்பத்திலும் விடியும் முன்பே ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறிக் குமுளி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய், அந்தியில் திரும்பும் பெண்களின் உரிமை எந்த மாநிலத்தின் பொறுப்பு என்பது இன்னும் முழுமையாக ஆராயப்படாத சட்டக் கேள்வி. மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளருக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தக்காரர் வழியாக வெளிமாநிலம் அழைத்துச் செல்லப்படுவோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வீட்டில் உலை வைக்க இரவே திரும்பிவிடுபவரை அது எண்ணிப் பார்க்கவில்லை. முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் முற்றிய 2011 டிசம்பரில் இடுக்கியில் தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டு, குடும்பம் குடும்பமாக எல்லை கடந்து வந்தபோது, அணையின் நீர்மட்டத்துக்காக நாட்டின் மூத்த வழக்கறிஞர்கள் உச்ச நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நீர்மட்டம் 142 அடி என்று 2014 மே மாதம் தீர்ப்பு வந்தது, பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு அது ஆறுதல். தொழிலாளரின் உரிமைக்காக அதில் நூற்றில் ஒரு பங்கு சட்ட உழைப்பும் செலவிடப்படவில்லை. அத்தோட்டக் கூலியின் மகள் ஒருத்தி இந்தக் கேள்வியையே ஆய்வுத் தலைப்பாக எடுத்து எசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் மனித உரிமை மையத்துக்கு விண்ணப்பித்தால், நிலமற்ற தொழிலாளருக்கான அந்த நான்கு இடங்களில் ஒன்று அவளுக்குக் கிடைக்கலாம்; இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு என்ற காரணத்தால் அது அவளிடமிருந்து திரும்பப் பறிக்கப்படவும் கூடும்.

குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் நீக்கப்பட்டபோதே, அதன் இடத்தில் வழக்கமான குற்றவாளிகள் சட்டங்கள் வந்துவிட்டன. பல மாநிலங்களில் அவை இன்றும் இருக்கின்றன. பாதிக்கப்பட்ட சமூகங்களிலிருந்து ஐம்பது சட்ட ஆய்வாளர்கள் உருவாகியிருந்தால் அந்தச் சட்டங்கள் என்றோ மறைந்திருக்கும். 2022இல் சேர்த்த வரியை நீக்குவதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, சட்டத் திருத்தம் வேண்டியதில்லை, ஒரு ரூபாயும் செலவில்லை; அமைச்சகம் வழிகாட்டு நெறிகளை மறுபடி அச்சிடும் நாளில் அந்த வரியை விட்டுவிட்டு அச்சிட்டால் போதும். தேனி, மதுரை, திண்டுக்கல் தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரின் முதல் வாரத்திலேயே இதைக் கேட்க வேண்டும். சீர்மரபினருக்கான ஆறு இடங்களை அறுபதாக்கும்படியும் சேர்த்தே கேட்க வேண்டும்.