ஆறு வயதுக்கு முன்னால் யார் பொறுப்பு?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. ஆனால் அது தரும் இலவசக் கல்வி உரிமை 6 வயதில்தான் தொடங்குகிறது. தமிழக அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமோ, காது கேளாத குழந்தைக்கு காக்ளியர் கருவியை 6 வயதுக்குள் பொருத்தியாக வேண்டும் என்கிறது. கேட்டுப் பேசப் பழகும் பருவம் அதற்குள் பெரும்பாலும் கடந்துவிடும் என்பதே காரணம். மருத்துவம் கதவை மூடும் வயதில் கல்விச் சட்டம் கதவைத் திறக்கிறது.

இடைப்பட்ட ஆண்டுகளில் அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். குறை தெரிந்தால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். திருச்சியில் அது புத்தூர் அரசு மருத்துவமனையில் இருக்கிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான். இயன்முறைப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் ஒருநாள் வைத்தியமல்ல. வாரம் சிலமுறை, மாதக்கணக்கில் தொடர வேண்டியவை. ஸ்ரீரங்கத்துத் தாய், கழுத்து நிற்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பேருந்து நிலைய நெரிசலைக் கடந்து புத்தூர் போய்த் திரும்பினால் அன்றைய வேலையும் கூலியும் போயிற்று. (2022 இறுதியில் பாலம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்ட மாதங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.) நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமில்லை என்பது உண்மை, ஆனால் இழந்த நாளை எந்தப் பயணச்சீட்டும் திருப்பித் தராது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை கிடைக்கிறது. வேலையை விட்டுப் பிள்ளையோடு இருக்கும் தாய்க்கு அது ஈடாகாது. ஆகவே குழந்தையை மையத்துக்கு அலைக்கழிப்பதை விட்டு, பயிற்சியாளர் அங்கன்வாடிக்கு வர வேண்டும்.

அங்கன்வாடிப் பணியாளர்கள் ஏற்கெனவே எடை, உயரம், சத்துமாவு, கைபேசிப் பதிவு என்று திணறுகிறார்கள். இந்தக் குழந்தைகளின் பயிற்சியையும் அவர்கள் தலையில் கட்டுவதா என்ற கேள்வி நியாயமானது. கட்டக் கூடாது. 2023இல் மத்திய அரசு வெளியிட்ட மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையின் பலவீனமே, தனி ஆள் தராமல் பழைய ஆளிடமே புதுப் பொறுப்பைக் கொடுத்ததுதான். வல்லுநர்களுக்கு எங்கே போவது என்றும் கேட்கலாம். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்புகிறது. வல்லுநர்கள் மேலிருந்து வழிகாட்டுகிறார்கள். திருச்சியில் ஹோலி கிராஸ் கல்லூரி மறுவாழ்வு அறிவியலைத் துறையாகவே நடத்துகிறது. ஆளைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. இத்தகைய குழந்தைகளுக்குச் சிறப்பு மையமே ஏற்றது என்பாரும் உண்டு. தீவிரப் பாதிப்புள்ள சிலருக்கு அது சரி. மற்றவர்கள் தெருப் பிள்ளைகளோடு விளையாடித்தான் பேச்சையும் பழக்கத்தையும் கற்க வேண்டும்; அதை எந்தச் சிகிச்சை அறையும் தராது.

இதற்கான வழி ஏற்கெனவே இருக்கிறது. வேலைக்குப் போகும் தாய்மாருக்கென 2022இல் வந்த பால்னா காப்பகத் திட்டம் 6 மாதம் முதல் 6 வயது வரையிலான பிள்ளைகளை முழுநேரம் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் பகுதியில் ஓர் அங்கன்வாடியை அப்படிக் காப்பகமாக்கி, வாரத்தில் இரண்டு நாள் இயன்முறைப் பயிற்சியாளரையும் பேச்சுப் பயிற்சியாளரையும் புத்தூரிலிருந்து அனுப்புவதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. மாவட்ட நிர்வாகமும் மாநகராட்சியும் செலவை எந்தத் துறைத் தலைப்பில் எழுதுவது என்று முடிவெடுத்தால் போதும்.