கழற்றிப் பார்க்காத பிளக்

சிலிண்டர்களுள் ஒன்றில் எரிபொருள் உரிய கணத்தில் எரியாமல் போவதால் எஞ்சின் குலுங்கி, பாரம் ஏறியதும் இழுக்க மறுக்கும் கோளாறே கராஜ்களில் ‘மிஸ்ஸிங்’ எனப்படுகிறது. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழிவிட்டதால் பழைய ஜீப்புகளின் ஆயுள் நீண்டுகொண்டே போயிற்று. உதிரிப்பாகங்கள் குறிகட்டுவானிலிருந்து படகேறி வரவேண்டிய நெடுந்தீவிலோ, சோதிக்காமல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது வெறும் பணவிரயம். ஸ்கேனர் ‘பி0302’ எனக் காட்டினால் இரண்டாம் சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது என்பது மட்டுமே பொருள். காரணத்தை அக்கருவி கூறாது. அச்சிலிண்டரின் கொயிலை, அதாவது பிளக்குக்கு உயர் அழுத்த மின்சாரம் தரும் சுருளை, மூன்றாவதில் மாட்டி ஓட்டுகையில் குறியீடு ‘பி0303’ ஆக இடம்பெயர்ந்தால் பழுது கொயிலில்தான். பெயராவிட்டால் பிளக், இன்ஜெக்டர், இறுதியில் சிலிண்டரின் அமுக்கம் எனத் தேடலாம். கடற்காற்று படும் வண்டிகளில் அதற்கும் முன்பாக, வயர் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில், சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட யாழ்ப்பாணத்து ஒஸ்டின், மொறிஸ் கார்களில், எளிதில் ஆவியாகாத அவ்வெண்ணெய் பிளக்கில் கரியாய்ப் படிய, அதைக் கழற்றித் துடைப்பது வழக்கமான வேலையாயிருந்தது. இன்றும் உலர்ந்த கரி எரிபொருள் மிகுதியையும், எண்ணெய்ப்பசை பிஸ்டன் வளையத் தேய்மானத்தையும் சுட்டக்கூடும். இதை அறிய ஒரு பிளக் சாவியே போதும்.